மலைநாட்டில் நிலம் நடுங்கியபோது



சென்ற சதுர்த்தசியன்று ஜினாலயத்தில் பூசை நிறைவுற்றபின் முதியவர் ஒருவர் எம்மிடம் ஒரு வினா எழுப்பினார். "இமயமலையில் எங்கோ நிலம் நடுங்குகின்றது, வீடிழந்தோர்க்குப் பொருள் அனுப்புமாறு நீங்கள் வேண்டுகின்றீர்கள். அவரவர் செய்த வினை அவரவர்க்கு உதயமாகின்றது. அதில் நாம் குறுக்கிட இயலுமோ?" என்பது அவ்வினா. கேட்டவர் கன்மக் கொள்கையை முறையாகப் பயின்றவர்; எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவும் அன்று. அன்று விரித்துரைக்க நேரம் வாய்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில் இரண்டு சனிக்கிழமைகளை நினைவுகூர்வோம். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காலை காசுமீர மலைப்பகுதியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. முசாபராபாத், பாலாகோட் ஆகிய ஊர்கள் சிதைந்தன. நம் நாட்டின் பக்கம் ஊரி, தங்தார் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பாகிஸ்தான் பக்கம் மாண்டோர் 73,000க்கும் அதிகம். அங்கே சனிக்கிழமை பள்ளி நாள். மணி ஒன்பதை நெருங்கும் வேளையாதலால் குழந்தைகள் வகுப்பில் அமர்ந்திருந்தனர். ஏறத்தாழ 17,000 குழந்தைகள் உயிரிழந்தனர் என மதிப்பிட்டார்கள். அவர்களுட் பெரும்பாலோர் பள்ளிக் கட்டடங்களுக்குள்ளேயே புதையுண்டவர்கள்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாளும் சனிக்கிழமையே. நேபாளத்தில் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் என்னும் சிற்றூரின் அருகே, நண்பகலுக்குச் சற்று முன்னர், 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். லாங்தாங் என்னும் மலையூர் பனியும் பாறையும் சரிந்து மூடியதால் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. கல்லை மண்சாந்தால் அடுக்கிக் கட்டிய வீடுகள் ஏறத்தாழ ஐந்து லட்சம் முற்றிலும் விழுந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகள் பாழாயின. ஆயினும் நேபாளத்தில் சனிக்கிழமை வார விடுமுறை. வகுப்பறைகள் வெறுமையாக இருந்தமையால் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர்.

ஒரே கிழமை, ஓரிடத்தில் பள்ளி நாள், மற்றோரிடத்தில் விடுமுறை. இதனைக் கண்டு, காசுமீரக் குழந்தைகளின் வினை கொடியது, நேபாளக் குழந்தைகளின் வினை நல்லது எனத் தீர்ப்புக் கூற நம்முள் எவர்க்கு ஆற்றல் உண்டு? அது கேவலஞானிகள் ஒருவர்க்கே புலனாவது. நமக்குத் தெரிவதெல்லாம் வலுவற்ற சுவரும் விழுந்த கூரையும் அழும் குழந்தையுமே.

மேலும், வினை தானே தனித்து நின்று பயன் தருவதில்லை. பொருள், இடம், காலம், பாவம் ஆகிய நிமித்தங்களைச் சார்ந்தே உதயமாகின்றது என்பது ஆகமத் தெளிவு. அசாதா வேதனீயம் சாதாவாக மாறுதலும் உண்டு. அதனைச் சங்கிரமணம் என்பர். ஒருவருடைய துன்ப வினைக்கு மண்சுவர் நிமித்தமாயிற்று எனின், அவருடைய சாதா வேதனீயத்தின் உதயத்திற்கு நம் கை அனுப்பும் ஒரு போர்வை ஏன் நிமித்தமாகலாகாது? உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் உயிர்களிடத்து இரக்கத்தையும் தானத்தையும் சாதா வேதனீயம் கட்டுண்பதற்குரிய காரணங்களுள் வைத்துள்ளார். நற்காட்சியின் அடையாளங்களுள் அநுகம்பை ஒன்று. கன்மக் கொள்கையைக் கற்றதனால் ஒருவர்க்கு இரக்கம் குறைந்ததெனின், கற்ற முறையில் எங்கோ பிழை நேர்ந்திருக்கின்றது.

இன்னொரு ஐயமும் நம்மவரிடையே உண்டு. அம்மக்கள் புலாலுண்போர், நம் அறம் அறியாதோர், அவர்க்கு ஈவது பாத்திர தானமாகுமோ என்பது. ஆகாது என்றே ஒப்புக்கொள்வோம். பாத்திர தானம் முனிவர்க்கும் விரதியர்க்கும் நற்காட்சியுடையோர்க்கும் உரியது. கருணா தானமோ வேறு. அதற்குத் துன்பம் ஒன்றே தகுதி. புண்பட்ட பறவைக்கும் விலங்குக்கும் மருந்திடும் சமூகம், மனிதக் குழந்தையிடம் குலமும் உணவும் வினவி நிற்பது பொருந்துமோ?

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அவ்வாண்டு அட்சய திருதியை ஏப்ரல் 21ஆம் நாள் வந்தது. ஆதிபகவனுக்குச் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு ஈந்த அந்நாளை நாம் கொண்டாடிய நான்காம் நாள், நேபாள மலையூர்களில் விதைநெல்லும் இடிபாட்டிற்குள் புதைந்தது. நடவுக்கு மழை வருமுன் விதை சென்றடைந்தாலன்றி அடுத்த அறுவடை இல்லை. ஆகவே ஆகார தானம் அங்கே ஒருவேளைச் சோறு மட்டுமன்று, விதையும் ஆயிற்று. சாலைகள் சரிந்த இடங்களில் சுமைகூலியாளர்களும் கோவேறு கழுதைகளும் மூட்டைகளை மேலேற்றிச் சென்றனர்.

அபய தானமே அங்கு அரிதாயிற்று. மே 12ஆம் நாள் மீண்டும் 7.3 அளவில் நிலம் நடுங்கியபின், வீடு நின்றவரும் உள்ளே உறங்க அஞ்சித் திறந்த வெளியிற் படுத்தனர். அச்சத்தைப் போக்குவது எது? தார்ப்பாயும், மழைக்குமுன் ஒரு கட்டுத் தகரத் தகடும். அந்நாட்டு அரசு தற்காலிகக் குடிலுக்கெனக் குடும்பத்திற்கு 15,000 நேபாள ரூபாய் வழங்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகளை ஏமாற்றி அழைத்துச் செல்லும் கொடியோர் உலவக்கூடும் என அஞ்சி, துணையின்றிச் சிறார் பயணம் செய்வதற்குக் கட்டுப்பாடும் விதித்தது. இதுவும் அபய தானமே என்போம்.

சாத்திர தானத்தைப் பலர் இறுதியில் வைக்கின்றனர். வயிறு நிறைந்தபின் பள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. நாம் அவ்வாறு கருதவில்லை. சீவகசிந்தாமணியை நினையுங்கள். ஏமாங்கத நாட்டரசன் சச்சந்தன் வஞ்சனையால் மடிய, மயிற்பொறியேறித் தப்பிய விசயை சுடுகாட்டில் சீவகனை ஈன்றாள். இறந்த தன் மகவை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன், தன் துயரின் நடுவேயும் அக்குழந்தையை ஏந்திக்கொண்டான். பாலூட்டி வளர்த்ததோடு நின்றானோ? அச்சணந்தியாசிரியரிடம் ஒப்புவித்துக் கலைகளைக் கற்பித்தான். அரண்மனையை இழந்த பிள்ளைக்கு ஆசிரியர் கிடைத்தார். அதன்பின்னரே திருத்தக்கதேவரின் காப்பியம் மேற்செல்லுகின்றது.

நேபாளத்தில் 2015 மே 31ஆம் நாள் பள்ளிகள் மீண்டும் திறந்தன. மூங்கில் நட்டுத் தார்ப்பாய் போர்த்திய கொட்டகைகளே பல ஊர்களில் வகுப்பறைகள். உடனே பாடம் தொடங்கவில்லை. முதல் நாட்களில் பாட்டும் விளையாட்டும் ஓவியமுமாகக் குழந்தைகளின் அச்சத்தைத் தணித்தனர். காலையில் குழந்தையைக் கொட்டகையில் விட்ட தாய் இடிபாடுகளை அகற்றவும் வயலுக்குச் செல்லவும் முடிந்தது. எனவே பள்ளி திறந்தது குழந்தைக்கு மட்டுமன்று, குடும்பத்திற்கே உதவியாயிற்று. நம் சமயத்தாரும் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மராட்டியத்தின் லாத்தூர்ப் பகுதியில் நிலம் நடுங்கியபோது, பாரதீய ஜைன சங்கடனா அமைப்பினர் ஏறத்தாழ 1,200 குழந்தைகளைப் புனே நகர்க்கு அழைத்துச் சென்று தங்கவைத்துக் கல்வி அளித்தனர். அது மலைநாடன்று, எனினும் வழிகாட்டியது.

ஈயும் முறை, ஈயப்படும் பொருள், ஈவோர், ஏற்போர் ஆகியவற்றால் தானத்தின் பயன் வேறுபடும் என்பதும் தத்துவார்த்த சூத்திரம் காட்டுவதே. காத்மாண்டு விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே. அதிலும் பழுது நேரப் பெரிய விமானங்கள் தடுக்கப்பட்டன. கூடாரமும் உலர் உணவும் வேண்டிநின்ற அவ்வேளையில் சூரைமீன் டப்பாக்களும் மயோனைஸும் வந்திறங்கின என அந்நாட்டு நிதியமைச்சர் ராம் சரண் மஹத் வருந்தினார். நம் வீட்டுப் பழந்துணிகளை மூட்டை கட்டி அனுப்பும் வழக்கமும் இத்தகையதே. கிழிந்த சேலை பனிமலையில் யாருக்கு உதவும்? நம்மிடம் மிகுந்ததை அனுப்புவது வேறு. அவர்க்கு வேண்டியதை அனுப்புவது வேறு.

2023 நவம்பர் 3ஆம் நாள் நள்ளிரவில் நேபாளத்து ஜாஜர்கோட் பகுதியில் மீண்டும் நிலம் நடுங்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது குளிர்காலத் தொடக்கம். 2015இல் தகரமும் விதையும் முதன்மை பெற்றன எனின், அங்கே போர்வையும் கம்பளியாடையும் முதன்மை பெற்றன. ஆதலின் ஒவ்வொரு ஜினாலயத்திலும் இதற்கென ஒரு சிறு தொகையைச் சதுர்த்தசிதோறும் சேர்த்து வைத்தல் நலம். நடுக்கம் நேர்ந்தபின் உண்டியல் ஏந்தினால் பொருள் சேர்வதற்குள் மழையோ பனியோ முந்திக்கொள்ளும். களத்தில் உள்ளோரிடம் முதலில் கேட்டு, அவர்கள் தகரம் என்றால் தகரத்திற்கும், பலகை சுண்ணக்கட்டி என்றால் அவற்றிற்கும் அத்தொகையைச் செலுத்துவோம்.