குருதி செய்த குற்றமா?

மன்னனும் மாய்வான், மாடு மேய்ப்பவனும் மாய்வான். சாவின் முன் அனைவரும் சமம் என்று பள்ளியில் படித்தோம். இன்று மாணவர்க்கும் அதையே ஓதுகிறோம். ஓதிவிட்டு அமெரிக்க நாட்டுப் புள்ளிவிவரத்தைப் புரட்டினால், ஓதிய நா கூசுகிறது!

சிகாகோ நகரின் ஸ்ட்ரீட்டர்வில், வெள்ளையர் மிகுந்த வளமான வட்டாரம். அங்கே சராசரி ஆயுள் சுமார் 90 ஆண்டு. சில கல் தொலைவில் எங்கல்வுட், கறுப்பின மக்கள் வாழும் வறிய வட்டாரம். அங்கே சுமார் 60 ஆண்டு. 2019இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. ஒரே நகரம், ஒரே நகராட்சி. வாழ்விலோ முப்பதாண்டு வேற்றுமை!

ஏன் இந்த வேற்றுமை? கறுப்பரின் பிறவிக்கூறே காரணம் என்று 1896இல் நூலெழுதினார் ஹாஃப்மன் எனும் காப்பீட்டுப் புள்ளியியலார். வாழ்க்கை நிலையே காரணம் என்று 1906இல் மறுத்துரைத்தார் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ்.

எவர் கூற்று மெய்? காலம் தீர்ப்பளித்தது. 1900இல் வெள்ளையர் ஆயுள் சுமார் 47. கறுப்பர் ஆயுள் சுமார் 33. பதினான்கு ஆண்டு இடைவெளி, 2019இல் நான்காகச் சுருங்கிற்று. கொரோனா கொள்ளைநோய் பரவிய பின், 2021இல் சுமார் ஐந்தரையாயிற்று. ஈராண்டில் குருதி மாறிற்றா? இல்லை! மாறியது வாழ்வின் நிலை.

1930களில் அரசு நிறுவனமே கறுப்பர் வட்டாரங்களை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் எட்டாக்கனியாயிற்று. வறுமை அங்கே வேரூன்றிற்று; நோய் அதன் நிழலில் வளர்ந்தது. 1966இல் மெடிகேர் திட்டம் வந்தது. நிறப்பிரிவினையை ஒழித்தால்தான் பணம் என்றது அரசு; தென்மாநில மருத்துவமனைகளின் பூட்டிய கதவுகள் திறந்தன! சிவப்பு மை பூசியதும் மனிதன் கை. கதவைத் திறந்ததும் மனிதன் கையே.

கத்தியால் ஒருவன் உயிரைப் பறித்தால் கொலை என்கிறோம். கடன் மறுத்து, கல்வி மறுத்து, மருந்து மறுத்து முப்பதாண்டைப் பறித்தால் அதற்கு என்ன பெயர்? ‘எவரும் கொல்லவில்லையே’ என்பர் சிலர். எவரும் தடுக்கவில்லையே! அறிந்தும் வாளாவிருப்பவர் அறவோர் ஆவரா? ஏற்பாட்டால் பயன்பெற்றவருக்கு அதில் பங்கில்லையா? எண்ணிப் பாருங்கள்.

இனி மாணவர்க்கு நாம் பாடத்தைத் திருத்தியே சொல்வோம்: சாவு அனைவர்க்கும் உண்டு, ஆனால் சாகும் நாளைச் சமுதாயமும் குறிக்கிறது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். மாற்ற முடிந்தும் மாற்றாமலிருப்பதே குற்றம்!