அசையும் கரமும் அசையாப் படமும்

நாகூர் ஹனிபா (1925–2015) போன்றோர் பாடிய மீலாது மேடைகளை எண்ணுவோம். அத்தகைய இசையரங்கில் காமிராவின் மூடுதிரையை ஒரு விநாடி திறந்து வைத்தால், அசையாது அமர்ந்திருப்பவர் தெளிவாய்ப் பதிகிறார். தஃப் கொட்டும் கரமோ புகையாய்க் கரைகிறது. இசையை எழுப்பியது அக்கரமன்றோ!

1838-இல் தாகேர் பாரிஸ் வீதியொன்றைப் படமெடுத்தார். பல நிமிடங்கள் ஒளி பட்ட அத்தகட்டில் நடமாடியோர் மறைந்தனர், காலணிக்கு மெருகிட நின்றவர் பதிந்தார், மெருகிட்டவர் மங்கினார்.

படம் பொய்யுரைக்கவில்லை, நிலைத்து நின்றதையே காட்டிற்று. ஆயின், கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே மதிப்பை அளப்பது நீதியாகுமா? காதர்பேட்டைக் கடைகளில் அடுக்கிய பனியன்களைக் காண்கிறோம். தையல் இயந்திரத்தில் விரைந்த விரல்களைக் காண்பதில்லை. உழைப்பவர் கூலியைத் தாமதியாது கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். மங்கிய கரத்துக்கும் நாம் கடன்பட்டவர்களே. அல்லாஹ்வின் பார்வையில் எக்கரமும் மறைவதில்லை.