அபூர்வ நோயும் பழவினையும்



ஒரு குழந்தைக்கு வயிறு நாளுக்கு நாள் பெருத்து வருகிறது. உடல் இரத்தமின்றி வெளுக்கிறது. எலும்பு நோகிறதென்று இரவெல்லாம் அழுகிறது. மலேரியாவென்று ஒருவர் மருந்து கொடுக்கிறார், மகோதரமென்று மற்றொருவர் கொடுக்கிறார், எதற்கும் கேட்பதில்லை. அப்பொழுது அயலார், அத்தாயின் காதில் விழும்படியாகவே, எந்த ஜன்மத்துப் பாவமோ என்பர். இச்சொல் பௌத்தர் வாயினின்று வரத் தகுமா என்பதே ஈண்டு ஆராய வேண்டுவது.

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் இருந்த நம் மதராசி கேம்ப், 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்படும் வரையில் ஏறக்குறைய 370 குடில்களைக் கொண்டிருந்தது. ஆயிரம் பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோ வரும் நீடித்த நோயை அபூர்வ நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகலின், அத்துணை குடில்களையும் தேடினாலும் ஒரு வீட்டில் அத்தகைய குழந்தை ஒன்று இருந்தால் இருக்கும். காய்ச்சல் கண்ட வீட்டிற்குக் கஷாயம் சொல்ல நூறு பேர் உண்டு. அவ்வொரு வீட்டிற்கோ ஒருவருமில்லை. கிசாகோதமி சாவு நிகழாத வீட்டுக் கடுகைத் தேடிச் சென்றாள். சென்ற வாசல்தோறும் தன் துக்கமே இருக்கக் கண்டு தெளிந்தாள். இத்தாயோ எவ்வாசலுக்குச் சென்றாலும் தன் குழந்தையைப் போல் இன்னொன்றைக் காணாள். அறியாமையால் வெற்றிடமாய்க் கிடக்கும் அவ்விடத்தில்தான் பழவினை என்னும் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மேலே கூறிய குறிகள் கோஷே நோய்க்கு உரியவை. பிலிப் கோஷே என்னும் பிரெஞ்சுக்காரர் 1882இல் இதனை முதன்முதல் விவரித்தார். உடலில் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்க வேண்டிய நொதி பிறவியிலேயே குறைவுபட்டிருப்பதால், அக்கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பின் மஜ்ஜையிலும் தேங்குகிறது. குறையுள்ள மரபணுவைத் தந்தையும் தாயும் ஆளுக்கொன்றாகத் தாங்கியிருப்பர். இருவரும் நோயற்றவராகவே இருப்பர். அத்தகையோர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரக்கூடிய வாய்ப்பு நாலில் ஒன்று. மூத்ததற்கு வந்துவிட்டது, அடுத்தவை தப்பும் என்று கணக்கிட இடமில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம் வழக்கம். ஒரே பாட்டன் வழியில் வந்த குறை இருவரிடமும் இருத்தல் அங்கே எளிது. இதனை அறிந்துகொள்ளுதல் வேறு, மணந்தவரைப் பழித்தல் வேறு. தாயை மட்டும் ஏசும் மாமியார்கள் இதனைக் கேட்டால் நலம். பாதி தம் மகனிடமிருந்து வந்தது.

வினையைப் பகவானே போதித்தாரன்றோ என்று உபாசகர் சிலர் வினவுவர். ஆம். உயிர்களைத் துன்புறுத்துவோர் நோயாளராவர் என்று சுபன் என்னும் இளைஞனுக்கு உரைத்தது மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. ஆயினும், அதனால் நோயாளர் அனைவரும் துன்புறுத்தியவர் என்றாகுமா? மழை பெய்தால் தரை நனையும். கால்வாய் பொங்கினாலும், குழாய் உடைந்தாலும் நனையுமே! நனைந்த தரையைக் கண்டவுடன் மழையென்று சாதிப்பவனை நம் கேம்ப் ஜனங்கள் நகையாடியிருப்பர்.

இதனைப் பகவானே தெளிவாக்கியுள்ளார். இராஜகிருகத்து வேணுவனத்தில் மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன், இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையாலேயே வருவன என்பாரைப் பற்றிக் கேட்டான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகேடான நடை, பிறரால் நேரும் தாக்கு என்று ஏழு காரணங்களைக் கூறியபின், எட்டாவதாகவே வினைப்பயனைப் பகவான் வைத்தார். எல்லாம் பழவினையே என்போர் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்றும் மறுத்தார். சம்யுத்த நிகாயத்தில் இச்செய்தியைக் காண்க. நூற்பாலையில் நூல் ஓயாமல் அறுந்தால் பஞ்சைப் பார்ப்போம், காற்றின் ஈரத்தைப் பார்ப்போம், கதிரைப் பார்ப்போம். கதிர் முற்பிறப்பில் என்ன செய்ததோ என்று எந்த மேஸ்திரியும் கேட்டு நான் அறியேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பாட்டன்மாரைச் சேரியில் நிறுத்தியது எச்சொல்? முற்பிறப்பின் பாவத்தால் இக்குலத்தில் பிறந்தாய் என்னும் அதே சொல். அதனைத் தள்ளியே பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார். அவர் சித்த வைத்தியருமாவார். அதனைத் தள்ளியே பாபாசாகிப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தம்மம் ஏற்றார். நம் மீது எறியப்பட்ட கல்லை நாமே எடுத்து ஒரு நோயாளிக் குழந்தையின் மீது எறிவதோ?

நம் மணிமேகலைக் காப்பியத்திலேயே ஓர் அபூர்வ நோயாளி உண்டு. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் கொண்ட காயசண்டிகை அவள். முனிவன் சாபத்தால் வந்ததென்று கதை கூறும். ஆனால் மணிமேகலை அச்சாபக் கதையைக் கேட்டறிந்த பின் சோறிடவில்லை. முதலில் அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி இட்டாள். நோய் தீர்ந்த பிறகே காயசண்டிகை தன் வரலாற்றைக் கூறினாள்.

2014இல் ரிக்ஷா இழுக்கும் தந்தை ஒருவர், கோஷே நோயுற்ற தம் மகனுக்காகத் தில்லி உயர்நீதிமன்றத்தை அடைந்தார். மருந்தின் விலை மிகுதி என்பதற்காக ஏழைக் குழந்தையைக் கைவிடலாகாது, இலவசமாக அளிக்கவேண்டுமென்று நீதிமன்றம் தில்லி அரசுக்குக் கட்டளையிட்டது. நோயின் பெயர் தெரிந்திருந்தமையாலன்றோ அவர் அவ்வாசலை மிதிக்க முடிந்தது! பாவம் என்ற பெயரோடு எந்த நீதிமன்றத்திற்குச் செல்வது? பின்னர் 2021இல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன்கீழ் நோயாளி ஒருவர்க்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவியுண்டு. மருந்தோ ஆயுள் முழுதும் வேண்டுவது. ஆகவே அத்தொகை போதுமென்று சொல்வதற்கில்லை. தில்லியில் எய்ம்ஸும் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியும், சென்னையில் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் இதற்கென ஏற்படுத்தப்பட்ட நிலையங்கள். மண்ணீரல் வீங்கிக் காரணம் விளங்காத குழந்தையை அங்குக் கொண்டுபோய், நொதியைக் காணும் இரத்தச் சோதனை செய்யலாமா என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

கேம்ப் இருந்த நாளில் எய்ம்ஸ் அருகிலிருந்தது. வீடு பெறத் தகுதியுடையவையென்று கொள்ளப்பட்ட 189 குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட நரேலாவோ ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அப்பால் உள்ளது. மற்றையோர் பல இடங்களில் சிதறினர். வீட்டு வேலை செய்யும் தாய்க்கு மருத்துவமனையில் கழியும் ஒரு நாள், கூலியற்ற ஒரு நாள். அன்று அவளுடன் செல்ல ஒருவரும், மற்றைக் குழந்தைகளுக்குச் சோறிட ஒருவரும் வேண்டும். வரும் பௌர்ணமியன்று கூடும்பொழுது, வந்தனம் முடிந்தவுடன் இதற்கு முன்வருவோரின் பெயர்களை எழுதிக்கொள்வோம்.