மழையில்லாத வெள்ளம்

காணப்பட்ட விளைவிலிருந்து காணப்படாத காரணத்தை உறுதியாக அறிய முடியுமா என்பது அளவை நூலார் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. உலகம் ஒரு காரியம், ஆகவே அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று நிறுவ முயன்ற நியாய மரபினரும், அந்த நிறுவுதல் செல்லாது என்று மறுத்த பௌத்தரும் இந்த வாயிலைக் கடந்தே தத்தம் முடிவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அறிவு பெறும் வழியை அளவை என்பர், வடமொழியார் பிரமாணம் என்பர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி ஒருவன் கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுத்துரைக்கிறான். கருமுகிலைக் கண்டு மழை வரும் என்று கொள்வது முதல். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று கொள்வது எச்சம். பழுது பார்ப்போர் அனைவரும் வாழ்நாள் முழுதும் செய்வது இந்த இரண்டாவது வகையையே.

எச்சத்துக்கு எதிரான தடையை நியாய சூத்திரமே எழுப்பிக்கொள்கிறது: ஆற்றை எங்கேனும் அடைத்தாலும் நீர் உயரும், எனவே நீர் உயர்ந்தது மழைக்குச் சான்றாகாது. இதற்கு உரைகாரர் வாத்சியாயனர் தரும் விளக்கம் அரிய நுட்பம் உடையது. வெறும் நீருயர்வு ஏது அன்று (ஏது என்பது அனுமானத்தைத் தாங்கும் அடையாளம்). விரைந்த ஓட்டமும் நுரையும், அடித்துவரப்படும் காயும் இலையும் கட்டையும் சேர்ந்த நீருயர்வே ஏது என்கிறார். பிழை அனுமானத்தில் இல்லை, அடையாளத்தைப் பாதியளவே பார்த்துவிட்டு முடிவுக்குத் தாவியவனிடம் இருக்கிறது என்பது இதன் பொருள்.

இந்த நுட்பம் முழு வலிமையோடு வெளிப்படும் இடங்களுள் ஒன்று, ஓடும்போதே திடீரென்று இழுவை குன்றும் இன்றைய கார். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுகளைத் தாண்ட மறுக்கிறது; செக் என்ஜின் விளக்கு எரிகிறது; ஓட்டுநர் பட்டறைக்கு வந்து பிக்கப் போய்விட்டது என்கிறார். லிம்ப் மோடு என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்த நிலையில் முதலில் உணர வேண்டியது, விசை குறைந்தது பழுதின் நேரடி விளைவாக இல்லாமலும் இருக்கலாம் என்பதே. அடைபட்ட காற்று வடிகட்டி எஞ்சினைத் திணறச் செய்வது ஒன்று. சென்சார் தரும் மதிப்பு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்று கண்ட கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சினைக் காக்கவும் ஓட்டுநரைக் காக்கவும் விசையைத் தானே குறைத்துவிடுவது மற்றொன்று. வெள்ளத்துக்கும் மழைக்கும் இடையே இங்கே மதகு காப்பவன் ஒருவன் நிற்கிறான். நீர் ஏன் உயர்ந்தது என்று கேட்குமுன் அவன் எதைக் கண்டு மதகை அடைத்தான் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அவன் கண்டதை அவனிடமே கேட்கலாம். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டுக் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்டுப் பிற நாடுகளுக்கும் பரவிய ஓபிடி-2 நெறியின்படி, கணினி தான் கண்ட கோளாற்றைக் குறியீடாக நினைவில் எழுதிவைக்கிறது. ஸ்கேனர் அதைப் படிக்கிறது. டர்போ பூட்டிய டீசல் கார் ஒன்றில் பி0299 என்னும் குறியீடு வருவதாகக் கொள்ளலாம். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, உள்ளே செல்லும் காற்றை அழுத்தித் தருவது டர்போ. அந்த அழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை என்பதே குறியீட்டின் முழுப் பொருள். இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸ் கிழிந்திருந்தாலும், அழுத்தத்தை ஆளும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் மெல்லிய வேக்குவம் குழாய் வெடித்திருந்தாலும், அதை இயக்கும் சோலினாய்டு வால்வு பழுதாகியிருந்தாலும், அழுத்தம் சரியாகவே இருந்து அதை அளக்கும் சென்சார் பொய் சொன்னாலும் இதே குறியீடு வரும். புகைக்கரி படிந்து டர்போவின் இதழ்கள் சிக்கி அழுத்தம் மிகுந்தாலோ பி0234 வரும். மிகையும் குறையும் எதிரெதிரானவை, ஆனால் ஓட்டுநர் உணர்வது ஒரே இழுவைக் குறைவைத்தான்.

ஹோஸ் கிழிந்தால் அழுத்தம் குறையும் என்பது மெய். அழுத்தம் குறைந்தால் ஹோஸ் கிழிந்திருக்கும் என்பது மெய் அன்று. நாடிய காரணம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை, மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாகக் கூறுகிறார். நம்பத்தக்கவர் சொல் என்னும் ஆகம அளவையின் துணையையும் குறியீட்டுக்குத் தர இயலாது. கணினி நம்பத்தக்கதுதான், ஆனால் தான் கண்டதை மட்டுமே அது சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. குறியீட்டைப் படித்த கையோடு புதிய டர்போவுக்குச் சொல்லி அனுப்பும் பட்டறை, கணினி சொல்லாத ஒன்றை அதன் வாயில் வைத்து, அதற்கான பெருஞ்செலவை உரிமையாளர் தலையில் சுமத்துகிறது. இது சிறு தவறு அன்று.

ஐயம் எப்படித் தீர்கிறது என்பதற்கு நியாய நூலார் தரும் விடை எளியது: இரு பொருளுக்கும் பொதுவானது தெரிந்து, சிறப்பானது தெரியாதபோது ஐயம் பிறக்கிறது. மங்கிய ஒளியில் தொலைவில் நிற்பது தறியோ மனிதனோ என்றால், உயரம் இரண்டுக்கும் பொது, கையும் காலும் மனிதனுக்கே சிறப்பு. அந்தச் சிறப்பை வலிந்து வரவழைப்பதே நல்ல மெக்கானிக்கின் சோதனை. காற்றுப் பாதையை மூடி உள்ளே புகையைச் செலுத்தினால் கிழிசல் உள்ள இடத்தில் புகை வெளிவரும்; கைப்பம்பால் வேக்குவம் கொடுத்தால் ஆக்சுவேட்டரின் கம்பி நகர்கிறதா என்று தெரியும்; எஞ்சின் ஓடாதபோது அழுத்தச் சென்சார் புறக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பொய்யர் யார் என்பது வெளிப்படும். புகையைக் கண்டு நெருப்பைக் கருதிய மரபு, இங்கே புகையைக் கண்டு ஓட்டையைக் கருதுகிறது.

இனி, கணினியின் நடத்தையே ஆராயத்தக்கது. ஆக்சிலரேட்டர் மிதியின் நிலையை ஒன்றுக்குப் பதில் இரண்டு சென்சார்கள் அளக்கின்றன. பல கார்களில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதில் பாதியாக இருக்குமாறு அமைக்கப்படுகிறது. இந்த விகிதம் குலைந்தால் இரண்டில் ஒன்று பொய் என்பது கணினிக்குத் தெரியும், எது என்பது தெரியாது. மணிமேகலை அளவைப் போலிகள் எட்டனுள் ஐயத்தையும் தேராது தெளிதலையும் தனித்தனியே வைக்கிறது. முன்னது தறியோ மனிதனோ என்று நிற்பது, பின்னது ஆராயாமலே தறியை மனிதன் என்று கொள்வது. பட்டியலில் இரண்டும் குற்றமே எனினும், செயலில் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தகாது. கணினி இரு சாட்சிகளுள் ஒருவரை விருப்பம்போல் நம்பிவிடுவதில்லை. பல நேரங்களில் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிடுவதும் இல்லை. எது உண்மையானாலும் பெருந்தீங்கு நேராத அளவுக்கு விசையைச் சுருக்கி, வீடு சேர விடுகிறது. ஐயம் அறிவின்மை என்று இகழப்படும்போது மறக்கப்படுவது, ஐயத்துக்கும் தனக்கே உரிய ஒழுக்கம் ஒன்று உண்டு என்பது.

பழுது நீங்கிய பிறகும் கேள்வி நீங்குவதில்லை. குறியீட்டை அழித்ததும் இழுவை திரும்பினால் அழிந்தது நினைவே. சென்சாரை மாற்றியதும் கார் சரியானால் சென்சாரே காரணம் என்று தோன்றும். ஆனால் மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் அதன் முனைகளில் படிந்த பச்சைக் களிம்பு உரசி நீங்கியிருக்கலாம், குணம் அதனால் வந்திருக்கலாம். காரணம் உள்ளபோது காரியம் உண்டு என்னும் உடன்பாடும், அது இல்லாதபோது காரியம் இல்லை என்னும் எதிர்மறையும் இரண்டும் வேண்டும் என்று தருக்க நூலார் வற்புறுத்துவது இதற்காகவே. பழைய சென்சாரை மீண்டும் மாட்டிக் கோளாறு திரும்புகிறதா என்று பார்த்தாலன்றி அது நிறைவேறாது. வாடிக்கையாளர் காத்திருக்கும் பட்டறையில் அதற்கு நேரம் வாய்ப்பது அரிது. வாய்க்காதபோது, கனெக்டர் சுத்தம் செய்யப்பட்டது, சென்சார் மாற்றப்பட்டது, இரண்டில் எது காரணம் என்று பிரித்தறியப்படவில்லை என்று வேலைச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதே கார் மீண்டும் இழுவை குன்றி வரும் நாளில் அடுத்த மெக்கானிக் தேடலை அந்த இடத்திலிருந்தே தொடங்க முடியும்.