மட்காத ஓடு

மரம் மட்கும், கண்ணாடி இழை மட்காது. தீசியஸின் கப்பல் என்ற பழைய தத்துவப் புதிரை இந்த ஒரு வேறுபாடு தலைகீழாக்கிவிடுகிறது. கிரேக்கப் புராண வீரன் தீசியஸ் ஏறிச் சென்ற முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். உளுத்த பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள். பலகைகள் மாறிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டதைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவுசெய்திருக்கிறார்.

அந்தக் கப்பல் வெறும் நினைவுச் சின்னம் அல்ல. ஆண்டுதோறும் அப்போலோவுக்கு நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்த அது டீலோஸ் தீவுக்குப் போய்வரும். திரும்பிவரும் வரை நகரில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. கி.மு. 399-இல் சாக்ரட்டீஸ் பல நாட்கள் கூடுதலாக உயிரோடு இருந்ததற்கு இதுவே காரணம் என்று பிளேட்டோவின் ‘ஃபீடோ’ சொல்கிறது. நேர்த்திக்கடனுக்குப் பழைய கப்பல் வேண்டும், கடலுக்கு நல்ல பலகை வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டதில்தான் புதிர் பிறந்தது.

கலிபோர்னியாவில் உருவான கேட்டலினா 30 என்ற படகை இதற்கு எதிரில் நிறுத்திப் பார்க்கலாம். முப்பதடிக்கு ஓர் அங்குலம் குறைவான நீளம். ஒரு குடும்பம் படுத்துறங்கவும் சமைக்கவும் உள்ளே இடம் உண்டு. கரையோரமாக வார இறுதிப் பயணம் போக ஏற்றது. 1970-களின் நடுவில் தொடங்கி 2008 வரை 6,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டதால், பழைய படகு தேடும் குடும்பத்தின் கண்ணில் இது படாமல் போகாது. இதில் பலகையே இல்லை. மெருகேற்றிய அச்சுக்குள் முதலில் நிறப்பூச்சைத் தெளித்து, அதன்மேல் கண்ணாடி இழை விரிப்புகளை ரெசினில் தோய்த்து அடுக்குகிறார்கள். ரெசின் இறுகியதும் படகின் ஓடு முழுவதும் ஒரே துண்டாக வெளியே வருகிறது.

அச்சு என்று வந்ததுமே அரிஸ்டாட்டில் பேசிய வடிவமும் பொருளும் நினைவுக்கு வரும். ஏதென்ஸில் வடிவம் நின்றது, பொருள் மாறியது. ஆகவே வடிவமே கப்பல் என்று ஒரு கட்சியால் சொல்ல முடிந்தது. கேட்டலினாவில் அந்தப் பதில் செல்லாது, ஆயிரக்கணக்கான படகுகளுக்கு வடிவம் ஒன்றே என்பதால். ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பது பொருள்தான் என்று தாமஸ் அக்வினாஸ் சொன்ன விடை இங்கே பொருந்துகிறது: குறிப்பிட்ட ஒரு நாளில் இறுகிய அந்த ரெசின்தான் இந்தப் படகு. அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இதையே பின்பற்றுகிறது. 1972 நவம்பரிலிருந்து கட்டப்படும் ஒவ்வொரு படகின் ஓட்டிலும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி பதிந்திருக்க வேண்டும். எஞ்சினையும் பாய்மரத்தையும் மாற்றினாலும் குறி மாறுவதில்லை.

நாற்பது ஆண்டு ஓடிய படகில் மாற்ற வேண்டியவற்றுக்குக் குறைவில்லை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றுவது நல்லது. பாய்த்துணி வெயிலில் நைந்துபோகும். மேல்தளத்தின் இரண்டு கண்ணாடி இழைப் படலங்களுக்கு நடுவே உள்ள மரம், திருகாணித் துளை வழியாக இறங்கும் நீரில் ஊறிக் கூழாகிவிடும் (மட்காத படகிலும் மரம் தன் வேலையைக் காட்டாமல் விடுவதில்லை). அடியில் கனத்துக்காகப் பொருத்திய ஈயக் கீலுக்கும் ஓட்டுக்கும் இடையே ஒரு விரிசல் தோன்றும். படகுக்காரர்கள் அதைக் ‘கேட்டலினா சிரிப்பு’ என்கிறார்கள். பழுதுபார்க்கும் செலவைக் கேட்டவர்கள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. தொடக்ககாலப் படகுகள் பலவற்றில் இருந்த அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சின், ஆவி அடித்தளத்தில் தேங்கித் தீப்பிடிக்குமோ என்ற பயத்தால், டீசல் எஞ்சினுக்கு இடம் விட்டது.

கழற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். கேட்டலினாக்களிடையே அது கற்பனை அல்ல. ஒரு படகின் எஞ்சின் இன்னொன்றுக்கும், அதன் சுக்கான் மூன்றாவதற்கும் போகின்றன. ஆனாலும் எது எந்தப் படகு என்ற சண்டை எழுவதில்லை; ஓடு இருக்கும் இடத்தில் பெயரும் பத்திரமும் இருக்கின்றன. தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயர் மட்டுமே என்று மிலிந்த மன்னருக்கு விளக்கிய பௌத்தத் துறவி நாகசேனர், இங்கே ஓட்டுக்கு மட்டும் தனிச் சலுகை ஏன் என்று கேட்டிருப்பார். வழக்கம் என்பதைத் தவிர வலுவான பதில் இல்லை.

அந்த வழக்கம் எவ்வளவு மெலிந்தது என்பது, எதுவுமே மாற்றப்படாத படகில் தெரியும். துறையில் கட்டியபடியே இருபது ஆண்டு கிடந்த படகில் பொருள் எல்லாம் ஆதிப் பொருள்தான். விற்பவர் ‘அசல்’ என்று விளம்பரம் செய்தால் வாங்குபவர் அஞ்ச வேண்டிய சொல் அது. கம்பி அறுந்துவிழக் காத்திருக்கும், எஞ்சின் இறுகிப்போயிருக்கும். பார்க்க முடியாத கண் பெயரளவில்தான் கண் என்றார் அரிஸ்டாட்டில். கடலுக்குப் போக முடியாத அந்தப் படகும் அப்படியே. பொருள் துளிகள் மாறிக்கொண்டே இருக்க, உயிர் தொடரும் வரை மரம் அதே மரம் என்று ஜான் லாக் செடிகொடிகளுக்குச் சொன்ன விளக்கம், ஏதென்ஸ் கப்பலுக்கும் நன்றாகப் பராமரித்த கேட்டலினாவுக்கும் ஓட்டுக் கணக்கைவிடப் பொருத்தமாக இருக்கிறது. பயணம் தொடர்வதும், அதற்காகக் கைகள் வேலை செய்வதுமே அவற்றின் உயிர்.

உயிர் போன பின் ஓடு என்ன ஆகும் என்பது கிரேக்கர்களுக்கு எழாத கேள்வி. கைவிட்ட மரக் கப்பல் சில பத்தாண்டுகளில் மண்ணோடு சேரும், அதோடு வாதமும் தீரும். இறுகிய ரெசினை மீண்டும் உருக்க முடியாது. கலிபோர்னியா அரசு, வைத்துக்கொள்ள முடியாத படகுகளை உரிமையாளர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளவும் கைவிடப்பட்டவற்றை அகற்றவும் உள்ளாட்சிகளுக்கு நிதி தருகிறது. எஞ்சினும் ஈயமும் பழைய உலோகக் கடைக்குப் போகும். அடையாளக் குறியோடு மிஞ்சும் ஓட்டை இயந்திரக் கையால் நொறுக்கிக் குப்பைக் கிடங்கில் புதைக்கிறார்கள்.