அளந்தவன் நாக்கு வேறு, உன் நாக்கு வேறு

அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கி, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போய் வருகிறான். டூல் அண்ட் டை டிப்ளமோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கை காய்வதற்குள் போனை என் முன்னால் நீட்டினான். மொழி கற்றுக்கொடுக்கும் ஆப்கள் மட்டும் ஆறு. ஜெர்மன், ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ். ஐந்திலும் வணக்கம் சொல்வான். ஐந்திலும் நன்றி சொல்வான். அதற்கு மேல் ஐந்திலும் ஊமை.

"எதை எடுக்கலாம் மாமா? எது ஈஸி?"

"எத்தனை நாளா யோசிக்கிறே?"

"ஒன்றரை வருஷமா."

ஒன்றரை வருஷம்! வீடு வீடாகப் பெண் பார்க்கப் போய், சொஜ்ஜி பஜ்ஜியை முடித்துவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று எழுந்து வருகிற கதைதான் இது. தம்பி, தங்கச்சி, சிரிக்காதே. உன் போனையும் திறந்து பார். நீ எத்தனை வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறாய்?

'எது ஈஸி' என்ற கேள்விதான் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதை முதலில் உடைப்போம்.

எது ஈஸி, எது கஷ்டம் என்று ஒரு பட்டியல் உலகமெல்லாம் சுற்றுகிறது. ஜப்பானியம் படிக்க 88 வாரம், 2,200 மணி நேர வகுப்பு; மிகக் கடினமான மொழிகளின் வரிசை. பார்த்ததும் உனக்குக் கை நடுங்குகிறது. அந்தப் பட்டியலைப் போட்டது யார் தெரியுமா? அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அரசு நிறுவனம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்ற கணக்கு அது. அதே பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது, யாரும் உனக்குக் காட்டியிருக்க மாட்டார்கள்: தமிழ், 44 வாரம், 1,100 மணி நேரம். அவர்கள் 44 வாரம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து திணறும் மொழியில் நீ பால் பல் முளைக்கும்போதே அடம் பிடித்தவன்! அடுத்தவன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் தோள்தான் கோணல் என்று யாராவது அழுவார்களா? நீ அழுதுகொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு மொழி என்றாலே ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. காரணம் ஆங்கிலம். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தபோது வகுப்பே சிரித்தது. அன்றைக்கு 'நமக்கு மொழி வராது' என்று நெஞ்சில் எழுதிக்கொண்டாய். அட, தமிழன் நாக்குக்கு ஆங்கிலத்தைப் போல எதிர்ப்புறம் ஓடும் மொழி ஏது? வினை நடுவில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டாமல், தனிச் சொல்லாக முன்னால் போய் நிற்கும். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. அதையே தட்டுத் தடுமாறியாவது ஏறி வந்துவிட்டாய். மெயில் எழுதுகிறாய், இன்டர்வியூவில் பதில் சொல்கிறாய். செங்குத்துப் பாறையில் ஏறிப் பழகியவன், படிக்கட்டு கட்டியிருக்கும் மலையைப் பார்த்து மலைக்கிறாயே!

படிக்கட்டு என்று சும்மா சொல்லவில்லை. கிட்டத்தில் வந்து ஒரு ஜப்பானிய வாக்கியத்தைப் பார்.

வதாஷி வா (நான்) கினோ (நேற்று) தொமொதாச்சி தொ (நண்பனோடு) எகி தெ (ஸ்டேஷனில்) ஹொன் ஓ (புத்தகத்தை) கத்தா (வாங்கினேன்). ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. ஜப்பானியச் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்தேன், வாக்கியம் நிற்கிறது. 'ஓடு' எங்கே ஒட்டுமோ அங்கேதான் 'தொ'. 'இல்' எங்கே ஒட்டுமோ அங்கேதான் 'தெ'. நேற்று வாங்கிய புத்தகம்? கினோ கத்தா ஹொன். அவ்வளவுதான்.

நமக்கே உரிய பேச்சு என்று நாம் நினைத்திருக்கும் சங்கதிகள்கூட அங்கே இருக்கின்றன. 'சாப்பிட்டுப் பார்' என்கிறோமே, சாப்பிடுவதில் எங்கிருந்து வந்தது பார்வை? ஜப்பானியனும் 'தபெதெ மிரு' என்கிறான். தபெதெ, சாப்பிட்டு. மிரு, பார். 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் வரும் 'விடு' போலவே அவனுக்கும் ஒரு துணைவினை உண்டு: 'தபெதெ ஷிமத்தா'. 'கொண்டு வா' என்பதும் அவனுக்கு ஒரே வினையில் அடங்காது. 'மொத்தெ குரு': கையில் கொண்டு, வா. இலக்கணப் புத்தகத்தில் இந்த இடத்துக்கு வந்த இரவு நான் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். திருட்டுத்தனமாக யாரோ நம் வீட்டுக்குள் வந்து கேட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

கொரெ, சொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. நாம் 'உது'வைத் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் எதிரே இருப்பவர் கையில் உள்ளதைக் காட்டி 'உது என்ன?' என்பார்கள். 'சொரெ' என்றால் அதேதான், உன் பக்கத்தில் இருக்கும் அது. ஆங்கிலக்காரன் இந்த மூன்று தூரத்தையும் விரல் விட்டு எண்ணிப் பழக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்றே புத்தகங்கள் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்த வழக்கில் வக்காலத்து கிடையாது. சொந்தமோ இல்லையோ, எதிர்வீட்டுக் குழம்பு நம் வீட்டுக் குழம்பு மாதிரியே மணந்தால் இலை போட்டு உட்கார வேண்டியதுதானே?

உடனே 'எழுத்து?' என்பாய். ஹிரகானா 46, கதகானா 46. தமிழ் 247 எழுத்தை ஐந்து வயதில் சிலேட்டில் எழுதியவன் நீ. அந்த 92 உனக்குப் பத்து நாள் வேலை. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துதான் மலை, மறைக்க மாட்டேன். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 இருக்கின்றன. அதற்குக் குறுக்குவழி கிடையாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, கறுப்பு மை பேனா, தினம் ஐந்து எழுத்து. இரண்டு வருஷத்தில் கட்டை விரல் ஓரம் காய்த்துவிடும். காய்க்கட்டும்! உழுகிற கைக்கும் லேத் பிடிக்கிற கைக்கும் காய்ப்பு புதுசா?

நான் விழுந்த கதையையும் கேள். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 அடிப்படி, என்1 உச்சி. என்4 எழுதினேன். மொத்தம் 180க்கு 98. 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனாலும் ஃபெயில். கேட்டல் பகுதியில் தனியாக 60க்கு 19 வாங்க வேண்டும், நான் வாங்கியது 17. புத்தகத்தையே கட்டிக்கொண்டு காதைப் பட்டினி போட்டிருந்தேன். 'யொக்கா' என்றால் 4ஆம் தேதி, 'யோகா' என்றால் 8ஆம் தேதி. படு, பட்டு என்று ஒற்று வைத்தும், கல், கால் என்று நீட்டியும் பேதம் பிரித்த பரம்பரை நாம். தேர்வறை ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சொன்னபோது எனக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டது. வெட்கம்! அடுத்த ஆறு மாதம் காலையில் பல் தேய்க்கும்போதுகூடக் காதில் ஜப்பானியம்தான். இரண்டாம் முறை தேறினேன். தோல்விக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், அகராதிக்குள்.

அதற்கு முன்பு ஜெர்மனில் தோற்றது வேறு ரகம். நண்பன் சேர்ந்தான் என்று நானும் சேர்ந்தேன். கட்டிய பணத்துக்காக இரண்டு மாதம் போனேன். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராமல் நடுவில், சின்னப் பெண் என்ற சொல்லுக்கும் அதே நடுப்பால். உயர்திணை அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கும் நமக்கு அது சாப்பாட்டு மேஜையில் நடக்கும் அநியாயம். நின்றுவிட்டேன். ஜெர்மன் மேல் குற்றமில்லை. நான் ஏன் படிக்கிறேன் என்று என்னிடம் ஒரு பதில் இல்லை, அதுதான் குற்றம்.

பதில் இருப்பவளைக் கரண்டி தடுக்காது. எங்கள் தெருவில் நர்சிங் முடித்த பெண் ஒருத்தி ஜெர்மன் படிக்கிறாள். அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 என்ற மொழித் தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். அவள் 'எது ஈஸி' என்று யாரிடமும் கேட்கவில்லை. வேலை கேட்கிறது, அவள் படிக்கிறாள். சமையலறையில் கரண்டிக்கும் கத்திக்கும் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாள், அவள் அம்மா சாம்பாரைக் கிளறிக்கொண்டே 'டேர் லோஃபெல்' (கரண்டி) என்கிறார். இதே ஜெர்மனில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் ஒளிந்துகொள்கிறது என்று மார்க் ட்வைன் 1880இல் பக்கம் பக்கமாகக் கேலி எழுதினார். அந்தப் பெண்ணுக்கு அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைத்துப் பேசுகிறாள். ஆமாம், 'மூன்றே மாதத்தில் பி2' என்று போஸ்டர் ஒட்டுகிறவனைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நட.

வேலைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கொரியத் தொடர் பார்த்துப் பைத்தியமாகிக் கொரியன் படிக்கிறாயா? தலை நிமிர்ந்து சொல்! 1446இல் அரசர் செஜோங் பாமர மக்களுக்காகவே வெளியிட்ட எழுத்து அது, அடிப்படை எழுத்து 24தான். இரண்டு மூன்று நாளில் பெயர்ப் பலகை படிப்பாய். அங்கேயும் வினை கடைசியில்தான். வளைகுடா போகிறவனுக்கு அரபு. புத்தக அரபு வேறு, தெரு அரபு வேறு என்று பயமுறுத்துவார்கள். மேடையில் ஒரு தமிழ், திண்ணையில் ஒரு தமிழ் என்று வாழ்கிறவனிடமா அந்தப் பூச்சாண்டி?

ஹங்கேரியில் கட்டோ லோம்ப் என்று ஒரு பெண்மணி, 1909இல் பிறந்தவர். ரசாயனத்தில் டாக்டர் பட்டம், கையில் வேலை இல்லை. 1933இல் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று இறங்கினார். அப்போது அவருக்கே ஆங்கிலம் தெரியாது! ஒரு நாவலையும் அகராதியையும் வைத்துக்கொண்டு, மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் தான் படித்து ஓட்டினார். போர்க்காலத்தில் ரஷ்ய நாவலைத் தடித்த என்சைக்ளோபீடியா பக்கங்களுக்கு நடுவில் வைத்துத் தைத்து ஒளித்துப் படித்தார். பின்னாளில் பெயர் பெற்ற மொழிபெயர்ப்பாளர். பதினாறு மொழிகள் வரை கையாண்டவர். எந்தப் பட்டியலைப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்தார்? எதிரே இருந்த வயிற்றையும் எதிரே வந்த போரையும் பார்த்தார்.

அக்கா மகனிடம் இத்தனையும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"உன் ஷாப் ஃப்ளோரில் வெளிநாட்டுக்காரர் யாராவது உண்டா?"

"ஜப்பான்லேருந்து ஒரு சார் வந்திருக்கார் மாமா. டை செட்டிங்கிலே ஏதாவது தப்புன்னா அவரே கழற்றிக் காட்டுவார். பேசத்தான் முடியல. இங்கிலீஷ் அவருக்கும் வராது."

பேச வேண்டிய முகம் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் என்ன ஆராய்ச்சி? 2019இலிருந்து ஜப்பான் தரும் தொழில்திறன் விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் என்4 அளவு மொழியும் ஒரு தொழில் தேர்வும் போதும் என்பதை அவனுக்குச் சொன்னேன், அது பிறகு. முதலில் அந்த மனிதரிடம் 'இந்த போல்ட்டை ஏன் முதலில் கழற்றினீர்கள்' என்று கேட்க வேண்டும்.

உனக்கு அப்படி ஒரு முகம் உடனே தென்படவில்லை என்றால் இரண்டு மொழியை மட்டும் வைத்துக்கொள், மூன்றாவது கூடாது. ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது, தினம் அரை மணி. யாரும் சொல்லாமலே எந்த நோட்டைத் திறக்கக் கை போகிறதோ, அதுதான். மற்றதை மூடு. பி1 தொடும் வரை, என்4 தொடும் வரை திரும்பிப் பார்க்காதே. அகல உழுவதைவிட ஆழ உழு என்று ஏர் பிடித்தவன் சொன்னது நிலத்துக்கு மட்டும் என்றா நினைத்தாய்?

அவன் அன்றே ஐந்து ஆப்களை அழித்தான். ஸ்பானிஷை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

மூன்று வாரம் கழித்து, நைட் ஷிஃப்ட். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. 'போறேன்' என்று சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. சின்ன வயதில் அதற்காக அவனை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்ல வைத்திருக்கிறாள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே அவன் நிமிர்ந்தான்.

"மாமா, வீட்டைவிட்டுக் கிளம்பறப்ப அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? இத்தெ கிமாஸ்."

இத்தெ, போய். கிமாஸ், வருகிறேன்.

ஹாரன் மறுபடி அடித்தது. "இத்தெராஷ்ஷாய்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவில்லை, கேட்டைச் சாத்திவிட்டு ஓடினான்.