இலைக்கு முன்னால் பூ

பத்து வருஷமாக விண்டர்டூர் தோட்டத்துக்கு மே மாதத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவோம். மே முதல் வாரம் எட்டு ஏக்கருக்கு அசேலியா பூத்துக்கிடக்கும். யார் எப்படி எடுத்தாலும் போட்டோ நன்றாக வரும். குளிர் விட்டிருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் தேட வேண்டாம்.

மார்ச்சில் போனதற்குக் காரணம், பிப்ரவரி கடைசியில் என் வேலை போனது. பதினாறு வருஷம் ஒரே இடத்தில் மென்பொருள் எழுதியவனுக்கு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். "ஏங்க, எங்கயாவது போயிட்டு வாங்களேன். அந்தத் தோட்டத்து கார்டு சும்மாதானே கிடக்கு" என்றாள் மனைவி. ஆறுதல் மாதிரிதான் சொன்னாள். சமையலறையைக் காலி செய்யச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

போய் இறங்கினால் மொட்டை மரங்கள். ஓக், பீச், டியூலிப் மரம் எல்லாம் சாம்பல் நிறத் தூண்களாக நின்றன. இதற்கா வந்தோம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு இருக்கிறது, மார்ச் பேங்க் என்று பெயர். அங்கே வழுக்கிவிடுமோ என்று தலையைக் குனிந்தபோதுதான் தரையைக் கவனித்தேன். சரிவு முழுக்கப் பூ. எல்லாம் கணுக்கால் உயரம். விண்டர் அகோனைட், ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் மஞ்சள் கிண்ணம், கழுத்தைச் சுற்றிப் பச்சைக் காலர். அதற்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஸ்னோடிராப், தலை கவிழ்ந்து தொங்குகிறது. ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். வெளியே மூன்று நீள இதழ், உள்ளே மூன்று குட்டை இதழ். குட்டை இதழின் நுனியில் கூரை வடிவத்தில் பச்சையாக ஒரு கோடு, ஸ்கெட்ச் பேனாவால் யாரோ குழந்தை போட்டது போல. மரத்தடியில் பழைய பனி இன்னும் கரையாமல் அழுக்காகக் கிடந்தது.

இந்தச் சரிவில் 1902-ல் கிழங்குகளை ஊன்ற ஆரம்பித்தவர் ஹென்றி பிரான்சிஸ் டு பான்ட். 1802-ல் பிரான்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலை போட்டுப் பணம் சேர்த்த அதே குடும்பம். ஊன்ற ஆரம்பித்தபோது ஹென்றிக்கு வயது இருபத்திரண்டுதான். ஏறத்தாழ 1000 ஏக்கர் நிலத்தில் 60 ஏக்கரைத் தோட்டமாக்கினார். காட்டை வெட்டித் தோட்டம் போடவில்லை. காடு காடாகவே நிற்க, அதன் அடியில் பூவை விரித்தார். எது எந்த வாரம் பூத்தது என்று எழுதி வைப்பார். நிறம் ஒட்டாத செடிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். 1951-ல் பெரிய வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டு, 1969-ல் இறக்கும்வரை தோட்டத்தோடு இருந்தார். தன்னைத் தலைமைத் தோட்டக்காரன் என்று சொல்லிக்கொள்வாராம். கையில் பணம் இருந்தால் நாமும் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பணம் இருந்தவர்கள் எல்லாரும் அறுபது எழுபது வருஷம் ஒரு சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தச் சில வாரங்களில் நாலைந்து தடவை போயிருப்பேன். மார்ச் கடைசியில் மஞ்சளும் வெள்ளையும் போய்ச் சரிவு நீலமானது. மேலே மரங்களில் ஒரு இலைகூட இல்லை. இந்தக் குளிரில் இவற்றுக்கு என்ன அவசரம் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடை அண்ணாந்து பார்த்தால் தெரிகிற விடைதான், எனக்குத்தான் வர நேரமாயிற்று. ஏப்ரல் கடைசியில் பெரிய மரங்கள் இலை விட ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மேலே கூரை போட்டதுபோல் மூடிவிடும். அதற்குப் பிறகு தரைக்கு வெயில் வராது. கீழே இருக்கிற சின்னச் செடி அதற்குள் முளைத்து, பூத்து, அடுத்த வருஷத்துக்கான சத்தைக் கிழங்கில் இறக்கிவைத்து, மறுபடி மண்ணுக்குள் போய்விட வேண்டும். குளிர் முழுக்கப் போகட்டும் என்று காத்திருந்தால் கதகதப்பு கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. ஓக் மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. நூறடி உயரத்தில் இருப்பவன் மே மாதம் நிதானமாக எழுந்தால் போதும்.

முந்திப் பூப்பதைத் துணிச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். அது உயரம் குறைந்தவர்களின் கணக்கு.

என் மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கத் தெரியாது. ஆறு வயதில் ஆரம்பிக்கலாம் என்றிருந்தோம், விசா புதுப்பிக்கிற அலைச்சலில் விட்டுப்போனது. பிறகு கிரீன் கார்டு வரட்டும் என்றோம். வீடு வாங்கிய வருஷம் நேரமில்லை. அடுத்தது ஹைஸ்கூல், அடுத்தது கல்லூரி விண்ணப்பம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எல்லாம் செட்டில் ஆனபோது அவள் சூட்கேஸோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்தச் சரிவில் உட்கார்ந்து எண்ணிப்பார்த்தேன்: பன்னிரண்டு வருஷம், வாரத்துக்கு அரை மணி நேரம் போதும், அது மட்டும் கிடைக்கவில்லை.

இப்படி யோசித்துவிட்டு, சீக்கிரமே எல்லாவற்றையும் செய்துவிடுங்கள் என்று ஊருக்கு உபதேசம் பண்ணலாம் என்றால், அதற்கும் அந்தத் தோட்டம் இடம் தரவில்லை. ஏப்ரல் முதல் வாரம் சண்டயல் தோட்டத்துக்குப் போனேன். மரியன் காஃபின் என்ற வடிவமைப்பாளரை வைத்து 1950களில் ஏப்ரல் மாதத்துக்கென்றே போட்ட பகுதி அது. பக்கத்தில் மக்னோலியா மரங்கள். மொட்டுகள் பூனைக்குட்டியின் காதுபோல ரோமம் போர்த்தியிருந்தன. இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தது, ரோம உறை விழுந்தது, வெற்றுக் கொம்புகளில் கை அகலத்துக்கு இளஞ்சிவப்புப் பூ. இலைக்கு முன்னால் பூக்கிற மரம் எங்கள் கோவில்பட்டிப் பக்கமும் உண்டு. இலவ மரம் அப்படித்தான் பூக்கும். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மொட்டைக் கொம்பில் பூ புதிதில்லை. ஆனாலும் நெடுநேரம் நின்றேன். மறுநாள் இரவு பனி உறைந்தது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் மரம் முழுக்க நனைந்த டீத்தூள் நிறம். இதழ்கள் உதிரக்கூட இல்லை, கசங்கிய கைக்குட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கின.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "மாம்பூ கருகுற மாதிரிதானேப்பா" என்றார். தை மாசியில் மூடுபனி நாலு நாள் தொடர்ந்து விழுந்தால் எங்கள் தோட்டத்து மாம்பூ கருகிக் கொட்டும். அதற்காக மரம் அடுத்த வருஷம் பூக்காமல் இருந்ததில்லை என்றார். இருந்ததில்லைதான். ஆனால் அந்த வருஷத்துக் குத்தகைப் பணம் வராது, எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட அலைவார். எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே இட்லிக் கடை போட்டார். ஒரே வருஷத்தில் மூடினார். கடன் இன்னும் இருக்கிறது. அவரிடம் போய் மார்ச் பூவின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது.

விட்ச் ஹேசல் என்ற புதரைத்தான் அவருக்குக் காட்டலாம். பிப்ரவரி மார்ச்சிலேயே பூக்கிற ஆள். பூ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மஞ்சள் காகிதத்தை மெல்லிய நாடாவாகக் கத்தரித்து நாலு துண்டைச் சேர்த்து முடிந்த மாதிரி இருக்கும். வெயில் வந்தால் நாடா விரியும். கடுங்குளிர் வந்தால் நாலும் சுருண்டு உள்ளே போய்விடும். வெயில் வந்தால் மறுபடி விரியும். இப்படியே பல வாரம் ஓட்டிவிடும். மக்னோலியாவுக்கு அந்த வித்தை தெரியாது, விரித்தால் விரித்ததுதான். முந்திக்கொள்கிறவர்களில் இந்த இரண்டு சாதி உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. இந்த மரங்களின் பூமொட்டு போன கோடையிலேயே உருவாகிவிடுகிறது. குளிரைத் தாங்கிக் கிடந்தால்தான் விரியவும் விரியும். ஆகவே நாம் பார்க்கிற அவசரம் உண்மையில் எட்டு மாதத்து வேலை.

மே மாதம் நான் போட்டோ எடுத்த அசேலியாக் காட்டுக்கும் ஒரு கதை உண்டு. அந்த இடத்தில் முன்பு அமெரிக்க செஸ்ட்நட் மரங்கள் நின்றன. 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் நாட்டின் கிழக்குப் பகுதி முழுக்க அவற்றைக் கொன்று தீர்த்தது. விண்டர்டூரிலும் செத்தன. வெளிச்சம் இறங்கிய அந்த இடைவெளிகளில் டு பான்ட் 1917 வாக்கில் அசேலியாவை நட்டார். வேலை போனவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆறுதல் கதை கிடைக்காது என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. செஸ்ட்நட் போனது போனதுதான், அசேலியா அதற்கு ஈடு கிடையாது. நடுவதற்கு ஆளும் பணமும் இருந்ததால் அந்த இடம் தோட்டமாயிற்று. எனக்கு வேறு வேலை கிடைக்க ஜூலை ஆயிற்று, சம்பளம் முன்பைவிடக் குறைவு.

மகளிடம் ஏப்ரலில் கேட்டேன், இப்போதாவது கற்றுக்கொள்கிறாயா என்று. "இப்பவாப்பா?" என்று சிரித்தாள், ஆனால் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரவு வீடியோவில் அரை மணி நேரம். ன, ண, ந மூன்றும் எதற்கு என்று கேட்கிறாள், மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறோம்.

டெலவேர் பக்கம் வருகிறவர்கள் மார்ச் நடுவில் ஒரு நாள் விண்டர்டூருக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது. ஈரம் ஊறாத காலணியும் தடித்த சாக்ஸும் வேண்டும், ஏனென்றால் பூக்களைச் சரியாகப் பார்க்க மண்டியிட வேண்டியிருக்கும். மே மாதமும் வழக்கம்போல நான் போவேன். ஊரிலிருந்து அத்தை வருகிறார், அவருக்குக் குளிர் ஆகாது.